காற்றுத் துளையிடலில் உதவியாளரின் திறன்களும் பாதுகாப்பும்

(விஞ்ஞானம், கணிதம், புவியியல், தொழினுட்பப் பாடங்களுக்குப் பொதுவான விளக்கக் கட்டுரை)

வன்னியில் வாழும் எந்த மாணவருக்கும் குழாய்க்கிணறு புதிய பொருளன்று. பாடசாலை முற்றத்திலும் சந்தியிலும் கோயில் வீதியிலும் கைப்பம்பியைக் கண்டிருப்பீர்கள். ஆனால் அந்தக் கிணறு எவ்வாறு அமைக்கப்பட்டது என்று வகுப்பில் கேட்டால், "மெசின் வந்து அடிச்சது" என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. பரீட்சைக்கு இந்த விடை போதாது. க.பொ.த. சாதாரண தரம் முடித்த கையோடு அந்த மெசினுக்குப் பின்னால் வேலைக்குப் போகும் அண்ணன்மாருக்கும் இது போதாது. ஆகவே இக்கட்டுரையில் துளையிடும் முறையை மட்டுமன்றி, அவ்வேலையில் துளையிடுநருக்கு அருகில் நிற்கும் உதவியாளர் என்ன செய்கிறார், எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றையும் பார்ப்போம்.

1. எமது நிலத்தின் கீழே என்ன உள்ளது?

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய வன்பாறைகளால் ஆனது. இவை கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்டவை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடமேற்குக் கரையோரத்திலும் மயோசின் காலச் சுண்ணாம்புக்கல் காணப்படுகிறது. வன்பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் சில தொகுதிகளாகப் பிரித்துள்ளனர். அவற்றுள் ஒன்றின் பெயர் "வன்னித் தொகுதி". எமது பிரதேசத்தின் பெயர் பாறை வரைபடத்திலும் இடம்பெற்றுள்ளது என்பதை மாணவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

வவுனியா, நெடுங்கேணி, மாங்குளம் பகுதிகளில் மண்ணின் கீழே நைஸ், கருங்கல் போன்ற வன்பாறைகள் உள்ளன. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக்கல் தொடங்குகிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல். ஒரே வன்னிக்குள் மூன்று வகை நிலம் இருப்பதால் மூன்றுக்கும் ஒரே துளையிடும் முறை பொருந்தாது.

வன்பாறையில் நீர் தங்குவதற்கு இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று, மேலே உள்ள உருக்குலைந்த பாறைப் படை. எமது கட்டுக்கிணறுகள் இப்படையிலிருந்தே நீரைப் பெறுகின்றன. ஆடி, ஆவணியில் அவை வற்றுவதும் இதனாலேயே. மற்றையது, அதன் கீழே உள்ள உறுதியான பாறையிலுள்ள வெடிப்புகள். குழாய்க்கிணறு இந்த வெடிப்புகளைத் தேடிச் செல்கிறது. வெடிப்பு அகப்பட்டால் நீர், அகப்படாவிட்டால் வெறும் தூள். ஒரு வளவில் நல்ல நீர் கிடைக்க, வேலிக்கு அப்பால் அடித்த துளை காய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். இதை அதிர்ஷ்டம் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.

2. ஏன் காற்று?

மணலிலும் இளகிய படிவுகளிலும் சேற்றுக் கரைசலைச் செலுத்திச் சுழற்றித் துளையிடுவர். அச்சேறு துளையின் சுவர் இடிந்து விழாமல் தாங்கும். வன்பாறையில் சுவர் தானாகவே நிற்கும். ஆனால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தால் வேலை நகராது, அதை அடித்து நொறுக்க வேண்டும். இதற்காகத் துளையின் அடியிலேயே இயங்கும் ஒரு சம்மட்டி பயன்படுகிறது. வேலைத்தளத்தில் இதனை "ஹமர்" என்பர்.

கொம்பிரசர் எனப்படும் காற்றமுக்கியிலிருந்து வரும் காற்று, றொட் எனப்படும் பொள்ளான துளைக்கோல்களின் ஊடாகக் கீழே சென்று ஹமரினுள் இருக்கும் ஆடுதண்டை மேலும் கீழும் இயக்குகிறது. ஆடுதண்டு நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பிட் எனப்படும் துளைமுனையை அடிக்கிறது. துளைமுனையின் முகத்தில் தங்குதன் காபைட்டுக் குமிழ்கள் பதிக்கப்பட்டிருக்கும். துளைக்கோல் சுழல்வது மிக மெதுவாகவே. ஒவ்வோர் அடியும் புதிய இடத்தில் விழுவதற்காக மட்டுமே அது சுழல்கிறது. இதை மாணவர் பலர் மாற்றி எழுதுகின்றனர். இம்முறையில் பாறையை உடைப்பது அடி, சுழற்சியன்று.

அடித்து முடித்த காற்று வீணாவதில்லை. அதுவே துளைமுனையைக் குளிர்வித்து, நொறுங்கிய தூளைத் துளைக்கோலுக்கும் துளைச் சுவருக்கும் இடைப்பட்ட வளைய இடைவெளியினூடாக மேலே தள்ளி வருகிறது. தூள் மேலே வரவேண்டுமாயின் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில் ஏறவேண்டும்.

உ+ம்: துளையின் விட்டம் 16.5 சென்ரிமீற்றர், துளைக்கோலின் விட்டம் 11.4 சென்ரிமீற்றர். தேவையான காற்றின் அளவைக் காண்க.

ஆரைகள் 8.25, 5.7 சென்ரிமீற்றர். வளையத்தின் பரப்பளவு 22/7 × (68.06 – 32.49) = ஏறத்தாழ 112 சதுர சென்ரிமீற்றர். வேகம் செக்கனுக்கு 2000 சென்ரிமீற்றர். எனவே செக்கனுக்கு 224,000 கன சென்ரிமீற்றர், அதாவது 224 லீற்றர் காற்று தேவை. நிமிடத்துக்கு இது 13 கன மீற்றருக்கு மேல். மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், லொறியின் முதுகில் அவ்வளவு பெரிய கொம்பிரசர் ஏன் இருக்கிறது என்பது விளங்கும்.

துளையினுள் நீர் நிரம்பிய பின் வேலை மேலும் கடினமாகும். 60 மீற்றர் ஆழமான துளையில் நீர்மட்டம் 6 மீற்றரில் நின்றால், ஹமரின் மேல் 54 மீற்றர் நீர்நிரல் நிற்கிறது. அமுக்கம் = உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல் = 54 × 1000 × 10 = 540,000 பஸ்கால். 100,000 பஸ்கால் ஒரு பார் ஆகையால் இது 5.4 பார். உணவு இடைவேளைக்குப் பின் மீண்டும் இயக்கும்போது இந்த நீரைத் தள்ளிய பிறகே ஹமர் அடிக்கத் தொடங்கும். காற்றமுக்கம் குறைந்த கொம்பிரசர் ஓரளவு ஆழத்துக்குப் பின் தோற்றுப்போவதும் இதனாலேயே.

3. உதவியாளர் யார்?

"ஹெல்பர்" என்றவுடன் பாரம் தூக்குபவர் என்று எண்ணுகிறோம். பாரமும் தூக்கத்தான் வேண்டும். எனினும் துளையிடுநரின் கண்கள் நெம்புகோல்களிலும் அமுக்கமானியிலும் இருக்கும். துளையின் வாய், வெளிவரும் தூள், ஹோஸ் பைப், சுற்றி நிற்கும் சனம் ஆகிய நான்கையும் பார்ப்பவர் உதவியாளரே. அவர் கவனித்துச் சொல்லாவிட்டால் அவை துளையிடுநருக்குத் தெரியவராது.

துளைக்கோல்களைப் பொருத்துவதும் கழற்றுவதும் இவரது அன்றாட வேலை. பொருத்துமுன் புரியைத் துணியால் துடைத்துக் கிறீஸ் பூச வேண்டும். மணல் ஒட்டிய புரியை இறுக்கினால் அது தேயும். தேய்ந்த புரி கழன்றால் ஹமரும் துளைக்கோல்களும் துளைக்குள் போய்விடும். பின்னர் அவற்றை மீட்பது புதிய கிணறு அடிப்பதைவிடக் கடினமாக அமையலாம். கோலினுள்ளே கல், இலை, குளவிக்கூடு எதுவும் இல்லை என்று பார்ப்பதும் அவசியம். ஹமருக்குச் செல்லும் காற்றோடு எண்ணெய் கலந்து போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் வற்றினால் ஆடுதண்டு சூடேறி இறுகிவிடும்.

இன்னொரு சிறிய வேலை உண்டு. கோல் மாற்றும் நேரத்தில் துளையின் வாயை மூடி வைப்பது. ஒரு சாவி, ஓர் ஆணி உள்ளே விழுந்தால் போதும், துளைமுனை சிக்கிக்கொள்ளும். கருவிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துளையின் மேலே குனியக்கூடாது என்பது இதனாலேயே.

4. ஆழத்தை எண்ணுதல்

துளையின் ஆழத்தை அளக்கும் முதல் கருவி உதவியாளரின் குறிப்புப் புத்தகம். உள்ளே சென்ற கோல்களின் எண்ணிக்கையை அவர் எழுதி வைக்க வேண்டும்.

ஆழம் = (கோல்களின் எண்ணிக்கை × ஒரு கோலின் நீளம்) + ஹமரும் துளைமுனையும் சேர்ந்த நீளம் – நிலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம்.

உ+ம்: 3 மீற்றர் கோல்கள் 14, ஹமரும் துளைமுனையும் 1.2 மீற்றர், மேலே நீட்டிக்கொண்டிருப்பது 0.8 மீற்றர். ஆழம் = 42 + 1.2 – 0.8 = 42.4 மீற்றர்.

ஒரு கோலை எண்ண மறந்தால் 3 மீற்றர் பிழைக்கும். நீர் வந்த வெடிப்பு 30 மீற்றரில் இருக்க 27 என்று எழுதிவிட்டால், பின்னர் பம்பியை இறக்குபவர் அந்த எண்ணை நம்பியே இறக்குவார். கோடையில் நீர் கீழே போகும்போது பம்பி காற்றை உறிஞ்சும், வீட்டுக்காரர் கிணறு வற்றிவிட்டது என்று முடிவு செய்வார். மீற்றருக்குக் காசு கணக்கிடும் இடத்தில் இந்த எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கிணறு அடிப்பிப்பவர் பக்கத்தில் நின்று தானும் கோல்களை எண்ணுவது தவறன்று. நேர்மையான துளையிடுநர் அதை விரும்புவார்.

5. தூள் சொல்லும் செய்தி

ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு பிடி தூளை எடுத்து, ஆழத்தைக் குறித்து, வரிசையாக வைக்க வேண்டும். மேலே செம்மண் நிறமாகவோ மஞ்சள் கலந்தோ வருவது உருக்குலைந்த படை. அது சாம்பல் நிறமாகி, மினுங்கும் துணிக்கைகள் தெரியத் தொடங்கினால் உறுதியான பாறை தொடங்கிவிட்டது. உறைக்குழாய், அதாவது கேசிங், இந்த உறுதியான பாறைக்குள் சற்றுச் சென்று அமர வேண்டும். இல்லையேல் மேல்மண் துளைக்குள் சரியும். மலசலகூடக் குழியின் அழுக்கு நீரும் அதே வழியால் உள்ளே இறங்கும். எனவே "நிறம் மாறுது" என்று உதவியாளர் கூறும் ஒரு சொல் அந்தக் கிணற்று நீரின் தூய்மையையே தீர்மானிக்கலாம்.

நீர் அண்மிக்கும்போது முதலில் தூசி குறையும். பின் தூள் ஈரமாகி உருண்டைகளாக வரும். இது ஆபத்தான கட்டம். ஈரத்தூள் வளைய இடைவெளியில் களிபோல ஒட்டி ஒரு கழுத்துப்பட்டி போலத் துளைக்கோலைப் பிடித்துவிடும். அப்போது வாயால் வெளிவரும் காற்று குறைந்து, அமுக்கமானி ஏறும். உடனே துளையிடுநருக்குச் சைகை காட்டினால் அவர் கோலைச் சற்று உயர்த்திக் காற்றால் ஊதித் துளையைச் சுத்தமாக்குவார், அல்லது சிறிது நீரோ நுரையோ செலுத்துவார். பாறையில் திடீரெனக் கோல் "விழுந்தது" போல் இறங்கினால் அது வெடிப்பாக இருக்கலாம். அந்த ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீரின் அளவை மதிப்பிட வாளியும் கைக்கடிகாரமும் போதும். 20 லீற்றர் வாளி 8 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு 2.5 லீற்றர், நிமிடத்துக்கு 150 லீற்றர். ஆனால் ஊதும்போது முதலில் பாய்வது துளையில் தேங்கிய நீர். நன்கு ஊதிய பின் அளப்பதே சரியானது.

நீர் தெளிந்ததும் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வன்பாறை நீரில் புளோரைட்டு கூடுதலாக இருக்கக்கூடும், வவுனியாப் பகுதியிலும் இது அறியப்பட்ட பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கையின் 2013 ஆம் ஆண்டுக் குடிநீர்க் கட்டளை அதை 1 மில்லிகிராம் ஆக்கியது. வெப்ப வலயத்தில் நாம் அதிகம் நீர் குடிப்பதால் இந்தக் கடுமை நியாயமானதே. கண்ணால் பார்த்தோ ருசித்தோ புளோரைட்டை அறிய முடியாது.

6. அமுக்கப்பட்ட காற்றின் வலிமை

காற்று மென்மையானது என்பது எமது பழக்கம் தந்த எண்ணம். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். உள்விட்டம் 5 சென்ரிமீற்றர் உள்ள ஹோஸ் பைப்பில் 20 பார் அமுக்கத்தில் காற்று நிற்கிறது. பரப்பளவு 22/7 × 2.5 × 2.5 = 19.6 சதுர சென்ரிமீற்றர். 20 பார் என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 நியூற்றன். விசை = 19.6 × 200 = 3920 நியூற்றன். ஏறத்தாழ 390 கிலோகிராம் திணிவின் நிறைக்கு இது சமம்.

இணைப்புக் கழன்றால் இந்த விசை ஹோஸ் பைப்பைப் பாம்புபோல வீசியடிக்கும். இரும்பு இணைப்போடு வரும் அந்த நுனி ஒரு மனிதரின் தலையில் பட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. இதற்காகவே ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புக் கம்பிவடமும், இணைப்பின் காதுகளில் பூட்டு ஊசியும் இருக்க வேண்டும். சில இடங்களில் கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டு "காணும்" என்பார்கள். காணாது. கட்டுக்கம்பி 3920 நியூற்றனைத் தாங்கும் பொருளன்று.

எந்த இணைப்பையும் கழற்றுமுன் கொம்பிரசரின் வாயிலை மூடி, குழாயிலுள்ள காற்றை முழுதாக வெளியேற்றி, அமுக்கமானி பூச்சியம் காட்டுவதைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. எஞ்சின் நின்றாலும் குழாயினுள் காற்று நிற்கும். அவ்வாறே, உடுப்பில் படிந்த தூசியை அமுக்கக் காற்றால் ஊதித் தட்டுவது வேலைத்தளத்தில் சாதாரணமாகக் காணும் காட்சி. அது காதையும் கண்ணையும் பழுதாக்கும். தோலில் சிறு காயம் இருந்தால் காற்று அதனூடாக உடலுக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுழலும் கோலுக்கு அருகில் சாரம், தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, கழற்றிவிட்ட சட்டைக் கை எதுவும் ஆகாது. கோல் மெதுவாகச் சுழல்வதால் அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் உடுப்பின் நுனி ஒன்று சிக்கினால் அந்த மெதுவான சுழற்சியே ஆளை இழுத்துவிடும், எஞ்சினுக்கு வலி தெரியாது. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை உதவியாளர் முதல் நாளிலேயே கேட்டு அறிய வேண்டும்.

7. தூசி

இப்பகுதியை மாணவர் ஆறுதலாக வாசிக்க வேண்டும். விபத்து ஒரு நொடியில் தெரிந்துவிடும். தூசியின் தீங்கு தெரிய ஆண்டுகள் செல்லும்.

16.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துளையில் ஒரு மீற்றர் இறங்கினால் வெளிவரும் பாறையின் கனவளவு 22/7 × 8.25 × 8.25 × 100 = ஏறத்தாழ 21,400 கன சென்ரிமீற்றர். பாறையின் அடர்த்தி 2.7 என்று கொண்டால் 57 கிலோகிராமுக்கு மேல். 50 மீற்றர்க் கிணறு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 2.9 தொன் பாறை நொறுங்கி வெளியே வருகிறது. அதில் பெரும்பங்கு கரடுமுரடான தூள், காலடியிலேயே விழுந்துவிடும். மிக நுண்ணிய பங்கு காற்றில் மிதக்கும். எமக்குத் தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்ணிய பங்கே.

நைஸ், கருங்கல் ஆகியவற்றில் படிகக்கல் என்னும் சிலிக்கன் ஈரொட்சைட்டு உண்டு. அதன் நுண்துணிக்கைகள் மூக்கு மயிராலும் சளியாலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் சிற்றறைகளை அடைகின்றன. அங்கே அவை கரைவதில்லை. சுற்றியுள்ள இழையம் தழும்பாகி இறுகுகிறது, ஒட்சிசன் குருதிக்குச் செல்லும் பரப்புக் குறைகிறது. இந்நோய் சிலிக்கோசிசு எனப்படும். இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. இந்நோய் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இல் பளிங்குருச் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது.

உலக வரலாற்றில் இதற்கு ஒரு கொடிய உதாரணம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் ஹோக்ஸ் நெஸ்ற் என்னுமிடத்தில் 1930, 1931 ஆம் ஆண்டுகளில் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். அப்பாறையில் சிலிக்கா மிக அதிகம். நீர் தெளித்துத் துளையிட்டால் வேலை தாமதமாகும் என்பதால் உலர்ந்த நிலையிலேயே துளையிட்டனர். தொழிலாளருக்கு முகமூடி வழங்கப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். சில மாதங்கள் வேலை செய்தவர்கள்கூட மூச்சுத் திணறி இறந்தனர். இறந்தோர் நூற்றுக்கணக்கில். அங்கே செய்திருக்க வேண்டியது நீர் தெளிப்பது ஒன்றுதான். இன்று எமது ஊரில் செய்யக்கூடியதும் அதுவே.

வன்னியில் துளையிடும் வேலை கூடுதலாக நடப்பது கோடையில். மாரியில் கிராமப் பாதைகளில் பாரமான லொறி புதையும். கோடையிலோ மண் காய்ந்து, சோளகக் காற்று பலமாக வீசும். ஆகவே வேலை தொடங்குமுன் காற்று வரும் திசையைப் பார்த்து, தூசி எங்கே போகும் என்று அறிந்து, உதவியாளர் காற்று வரும் பக்கத்தில் நிற்க வேண்டும். துளையின் வாயைச் சுற்றி மறைப்புக் கட்டி, காற்றோடு சிறிதளவு நீரைச் செலுத்தினால் தூசி பெருமளவு அடங்கும். முகத்தில் லேஞ்சி கட்டுவது பாதுகாப்பு அன்று. அதன் நூல்களுக்கு இடையிலுள்ள துவாரங்கள் இந்தத் துணிக்கைகளைவிடப் பன்மடங்கு பெரியவை. வடிகட்டியுள்ள, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் சுவாசக் கவசமே தேவை. வேலை முடிந்து அதே உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவதும் கூடாது.

காதுக்கும் கவசம் வேண்டும். 85 டெசிபெல் ஒலியில் 8 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரம் அரைவாசியாகும் என்றும் ஒரு விதி உண்டு. அதன்படி 100 டெசிபெல்லில் 15 நிமிடம் மட்டுமே. கொம்பிரசரும் ஹமரும் சேர்ந்து இயங்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் கவசம் இன்றி நிற்கக்கூடாது என்று பொருள். காது மூடியிருப்பதால்தான் துளையிடுநரும் உதவியாளரும் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கின்றனர்.

8. இடத்தைப் பார்த்தல்

லொறி நிற்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி உள்ளதா? துளைக்கோபுரத்தை நிமிர்த்துமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. கோபுரம் கம்பியைத் தொடாமல் அருகே வந்தாலே மின் பாயலாம். கோபுரம் நிமிர்ந்த நிலையில் லொறியை நகர்த்தவே கூடாது. இடி முழங்கினால் வேலையை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும்.

வன்னிக்கே உரிய மற்றொரு கேள்வியும் உண்டு. இந்தக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்டதா? போர் 2009 இல் முடிந்த பின்னரும் முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் தொடர்ந்தது. இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. விடுவிக்கப்பட்ட காணியிலும் பரிசோதிக்கப்படுவது மேல்மண்ணின் குறிப்பிட்ட ஆழம் வரையே. குழி வெட்டும்போது உலோகப் பொருள், துருப்பிடித்த எறிகணை, பச்சை நிறப் பிளாஸ்ரிக் மூடி ஏதும் தெரிந்தால் தட்டிப் பார்க்கவோ தூக்கவோ கூடாது. வேலையை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி, அடையாளம் வைத்து, 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். எவருக்கேனும் காயம் ஏற்பட்டால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

9. துளையை மூடுதல்

நீர் கிடைத்த துளையை எல்லோரும் கவனிப்பர். காய்ந்த துளையைக் கவனிப்பவர் குறைவு. 2019 ஒக்ரோபர் 25 அன்று தமிழ்நாட்டில் மணப்பாறைக்கு அருகிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுச் சிறுவன் விழுந்தான். பக்கத்தில் இன்னொரு குழியைத் துளைத்து அவனை மீட்க முயன்றனர். பாறை கடினமாக இருந்ததால் பெரிய இயந்திரங்களும் மெதுவாகவே இறங்கின. 29 ஆம் திகதி அவனது உடலே எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட துளைகளை எவ்வாறு மூட வேண்டும் என்று இந்திய உயர் நீதிமன்றம் 2010 இலேயே விதிமுறைகளை வழங்கியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அவ்விடத்திலிருந்து அதிக தூரமில்லாத நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு, இந்தியா முழுவதும் துளையிடும் லொறிகளை அனுப்பும் ஊர். தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே ஒரு மூடி இல்லாமல் இது நடந்தது. எனவே நாள் முடிவில், நீர் வந்தாலும் வராவிட்டாலும், துளையின் வாயில் உறுதியான மூடியைப் பூட்டாமல் உதவியாளர் லொறியில் ஏறக்கூடாது. இரவு மட்டுந்தானே என்று மரக்கிளையை வைத்துவிட்டுப் போவது மூடியாகாது. கைவிடும் துளையைக் களிமண்ணும் கல்லும் இட்டு அடியிலிருந்து நிலமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

10. இத்தொழிலுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவது இலங்கையில் சட்டப்படி தடை. சாதாரண தரம் எழுதிய 16 வயது மாணவர் "சும்மா பார்க்கப் போறன்" என்று சென்று கோல் தூக்குவதும் இதில் அடங்கும். அந்த இரண்டு ஆண்டுகளில் பொறிமுறை, காய்ச்சி இணைத்தல், டீசல் எஞ்சின் திருத்தம் ஆகியவற்றுள் ஒன்றில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் எமக்கு அருகிலேயே உள்ளன. கொம்பிரசரைத் திருத்தத் தெரிந்த உதவியாளருக்கும் தெரியாதவருக்கும் சம்பளம் ஒன்றாக இராது.

வேலையில் சேர்பவர் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். நாட்சம்பளக்காரருக்கும் இது உரியது. வேலையில் காயமடைந்தால் நட்டஈடு கோரும் உரிமை 1934 ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் உண்டு. கேட்டால் வேலை போய்விடும் என்று பலர் கேட்பதில்லை. கேட்காமலிருந்து விரலை இழந்தவருக்கு வெறுங்கையோடு வீடு திரும்ப நேர்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. காற்றுத் துளையிடலில் துளைக்கோல் சுழல்வதன் நோக்கம் யாது?
விடை: துளைமுனையின் ஒவ்வோர் அடியும் பாறையின் புதிய இடத்தில் விழச் செய்தல்.

2. துளையின் ஆழம் 68 மீற்றர், நீர்மட்டம் 8 மீற்றர். ஹமர் இயங்கத் தொடங்குமுன் வெல்ல வேண்டிய நீரமுக்கம் எத்தனை பார்?
விடை: நீர்நிரல் 60 மீற்றர். 60 × 1000 × 10 = 600,000 பஸ்கால் = 6 பார்.

3. துளையிலிருந்து வெளிவரும் தூள் ஈரமான உருண்டைகளாக மாறுகிறது, அமுக்கமானி ஏறுகிறது. உதவியாளர் உடனடியாகச் செய்ய வேண்டியது யாது? காரணம் தருக.
விடை: துளையிடுநருக்குச் சைகை காட்டுதல். ஈரத்தூள் வளைய இடைவெளியை அடைத்து, துளைக்கோல் சிக்கிக்கொள்ளக்கூடும்.

4. கைக்குட்டை சிலிக்காத் தூசியிலிருந்து பாதுகாக்காது. விளக்குக.
விடை: நுரையீரலை அடையும் துணிக்கைகள் துணியின் துவாரங்களைவிட மிகச் சிறியவை. அத்துடன் கைக்குட்டை முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தாது, ஓரங்களால் காற்று உட்புகும்.

5. 3 மீற்றர் நீளமான 17 கோல்கள் உள்ளே சென்றுள்ளன. ஹமரும் துளைமுனையும் 1.25 மீற்றர். மேலே 0.75 மீற்றர் நீட்டிக்கொண்டிருக்கிறது. உதவியாளர் புத்தகத்தில் 16 கோல்கள் என்று எழுதியுள்ளார். உண்மை ஆழத்தையும் அவர் எழுதிய ஆழத்தையும் காண்க.
விடை: உண்மை ஆழம் 51 + 1.25 – 0.75 = 51.5 மீற்றர். எழுதிய ஆழம் 48.5 மீற்றர்.